வேண்டுவன கூறும் முறை

மக்கள் வாய்திறந்து பேசத் தொடங்குவது பெரும்பாலும் ஒன்றை வேண்டியேயாம். குழவி அழுவது பால் வேண்டி. நடைபழகும் சிறுமகவு கைநீட்டுவது பொம்மை வேண்டி. வேற்றுமொழி கற்கப் புகுவார்க்கும் இதுவே முதற்படி. அயல்நாட்டிற் குடியேறிய ஒருவன் அந்நாட்டார்தம் காவியங்களில் ஒன்றையேனும் அறியாது பல்லாண்டு வாழ்தல் கூடும். ‘தண்ணீர் வேண்டும்’ எனச் சொல்லத் தெரியாது ஒரு பகற்பொழுதும் கழித்தல் அரிது. ஆதலின் ஒரு மொழியார் தம் விருப்பத்தையும் தேவையையும் எவ்வாறு கூறுகின்றனர் என்று நோக்குதல், அம்மொழியின் வாயிலிற் புகுவதற்கு மட்டுமன்றி, அம்மக்களின் மனப்பாங்கினை ஒருசிறிது உணர்தற்கும் துணையாம். இந்தி மொழியில் இவ்வழக்கு எங்ஙனம் அமைந்துள்ளதென்பதை, தமிழ் இலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன் கண்டவாறு, ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

யான் இந்தி பயிலத் தொடங்கியது தேர்வின் பொருட்டன்று. உத்தியோகம் கருதியும் அன்று. என் ஊர் வேலூர். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் அங்குத் தொடங்கிய மருத்துவச் சிறுநிலையம் இன்று ஆலமரம்போற் படர்ந்து, வங்காளம், பீகார், ஜார்க்கண்டு முதலிய தூரதேசங்களினின்றும் நோயாளரை ஈர்க்கின்றது. ஊரின் சில தெருக்களில் நின்று பார்ப்பின், கடைப்பலகைகள் வங்கத்திலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் முதல் இளநீர் விற்பார் ஈறாக அனைவரும் இரண்டு மூன்று இந்திச் சொற்களேனும் அறிவர். எங்கள் வீட்டு மாடியறையையும் என் அன்னையார் நோயாளர் குடும்பங்கட்கு வாடகைக்கு விடுவது வழக்கம். அவர்கள் மாடிப்படியில் நின்று கேட்பன பெரும்பாலும் வாளி, விளக்கு, வெந்நீர் என்பனவே. அவற்றைத் திருத்தமுறக் கேட்டறிதற்பொருட்டே இந்திப் பாடப்புத்தகம் ஒன்று வாங்கினேன். பகலில் வகுப்பில் தொல்காப்பியமும் நன்னூலும், இரவில் இந்திப் பாடம் என்றாகவே, இரண்டும் என் மேசைமேல் அருகருகே கிடந்து தம்முள் உரையாடத் தொடங்கின. அவ்வுரையாடலின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

இந்தியை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பார் முதலில் ‘நான் விரும்புகிறேன்’ என்னும் வாய்பாட்டையே தேடுவர். அதற்குரிய வினை ‘சாஹ்னா’ என்பது. (இதிலுள்ள சகரத்தைப் ‘பச்சை’ என்னுஞ் சொல்லிலுள்ள வல்லொலியாகக் கொள்க.) ‘மைன் பானீ சாஹ்தா ஹூன்’ என்றால் ‘நான் தண்ணீர் விரும்புகிறேன்’ என்பது பொருள். இலக்கணத்திற் பிழை யாதுமில்லை. ஆயினும் தாகமுற்ற எவரும் அவ்வாறு கேட்பதில்லை. அவர் கூறுவது ‘முஜே பானீ சாஹியே’ என்பதே. ‘முஜே’ என்றால் எனக்கு. ‘பானீ’ என்றால் தண்ணீர். ‘சாஹியே’ என்றால் வேண்டும். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ எனச் சொல்லுக்குச் சொல் தமிழாகவே நிற்கின்றது. சொற்களின் வரிசையும் மாறவில்லை. ஆங்கில வழியிற் கற்பார் பல நாள் முயன்று அடையும் வாக்கிய அமைப்பைத் தமிழ்ச் சிறுவன் தன் தாய்மடியிலேயே பெற்றுவிடுகின்றான்.

இவ்வமைப்பின் நுட்பம் ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையில் உள்ளது. ‘நான் உண்கிறேன்’ என்புழி நான் வினைமுதல்; உண்டல் என் செயல். ‘எனக்குப் பசிக்கிறது’ என்புழியோ, பசி என் செயலன்று. அஃது என்பால் வந்து சேர்வது. தொல்காப்பியர் நான்காம் வேற்றுமையின் இலக்கணம் கூறுமிடத்து, எப்பொருளாயினும் அதனை ஏற்றுக்கொள்ளும் நிலையையே அதற்கு உரியதாக வைத்தார். பசியும், தாகமும், தேவையும் நாம் செய்வன அல்ல, நம்மால் ஏற்கப்படுவன என்பதை நம் மொழி வெகுநாட்களுக்கு முன்னரே கண்டுகொண்டது. இந்தியும் அவ்வாறே ‘முஜே பூக் லகீ ஹை’ என்கின்றது. ‘எனக்குப் பசி பற்றியுள்ளது’ என்பது அதன் சொற்பொருள். தாகத்திற்கும் இதுவே வாய்பாடு. ‘பூக்’ நின்ற இடத்தில் ‘ப்யாஸ்’ வரும்.

மூலத்தால் வேறுபட்ட இரண்டு மொழிக்குடும்பங்களுக்குள் இவ்வொற்றுமை எவ்வாறு நேர்ந்தது? தமிழின் நான்காம் உருபு ‘கு’. இந்தியின் நான்காம் உருபு ‘கோ’. கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இவ்விரண்டின் ஒப்புமையைச் சுட்டி ஆராய்ந்துள்ளார். பின்வந்த மொழிநூலார் பலர், ‘கோ’ என்பது பக்கம் எனப் பொருள்படும் வடசொல் ஒன்றன் திரிபு என்பர். உருபின் பிறப்பு எதுவாயினும், தேவையுடையானை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் அமைப்பு இந்நாட்டு மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாய் விளங்குவதொன்று. காலின் மசிகா என்னும் அமெரிக்க அறிஞர் 1976-இல் வெளியிட்ட நூலில், தெற்காசிய மொழிகளை ஒரே வட்டாரமாக இணைக்கும் இயல்புகளுள் ஒன்றாக இதனை எடுத்து விளக்கினார். பல நூற்றாண்டுகள் அண்டை வீட்டாராய் வாழ்ந்து, கொண்டும் கொடுத்தும் பழகிய மக்களின் மொழிகள், குடும்பத்தால் வேறாயினும் பேசும் பாங்கினால் ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன போலும்.

இனி ‘சாஹியே’ என்னுஞ் சொல்லை நோக்குவோம். இஃது ‘சாஹ்னா’ என்னும் விருப்ப வினையினின்று பிறந்தது. ‘விரும்பப்படுகிறது’ எனப் பொருள்தரும் பழைய செயப்பாட்டு வடிவம் என இலக்கண நூலார் கூறுவர். தமிழில் ‘வேண்டு’ என்னும் பகுதிக்கும் விரும்புதல், இரத்தல் என்பனவே பொருள். அதனினின்று பிறந்த ‘வேண்டும்’ என்னும் முற்று இன்று ‘தேவை’ என்னும் பொருளில் நிற்கின்றது. விருப்பத்திற் பிறந்து தேவையாய் வளர்ந்து கடமையாய் முதிர்ந்த வரலாறு இவ்விரு சொற்கட்கும் ஒன்றேயாதல் வியக்கத்தக்கது.

இச்சொல் வாக்கியத்திற் புகுந்தவுடன் மற்றொரு மாறுதலும் நிகழ்கின்றது. ‘சாஹ்னா’ என்னும் வினையைக் கூறும் ஆடவன் ‘சாஹ்தா ஹூன்’ என்பான். பெண் ‘சாஹ்தீ ஹூன்’ என்பாள். விரும்புவார் ஆணோ பெண்ணோ என்பது வினையிலேயே தோன்றிவிடும். ‘சாஹியே’ என்புழியோ அவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. அரசனும் ஏவலாளனும், தாயும் மகனும் தண்ணீர்க்குக் கூறுவது ஒரே சொல். கேட்பவர் பின்னிற்க, கேட்கப்படும் பொருளே எழுவாயாகின்றது. ‘எனக்குப் பணம் வேண்டியிருந்தது’ என்பது ‘முஜே பைஸா சாஹியே தா’ என வரும். ‘எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது’ என்பதோ ‘முஜே கிதாப் சாஹியே தீ’ என வரும். (ஈண்டுத் ‘தா’, ‘தீ’ என்பன ‘இருந்தது’ என்னும் பொருளன.) பைஸா ஆண்பால், கிதாப் பெண்பால் ஆதலின் முடிக்குஞ்சொல் அவற்றிற்கேற்ப மாறிற்று, கேட்டவர் யாவராயினும் மாற்றமில்லை. உண்ணல், படித்தல் முதலிய தொழிற்பெயர்களும் இவ்வாறே பொருளின்வழி நடக்கும். மாம்பழம் உண்ணவேண்டுமாயின் ‘முஜே ஆம் கானா ஹை’. ரொட்டி உண்ணவேண்டுமாயின் ‘முஜே ரோட்டீ கானீ ஹை’. உயிரில்லாப் பொருட்கும் ஆண், பெண் எனப் பால்வகுத்தல் தமிழ் மாணவற்கு விளங்காத புதிர். அதனை நெட்டுருச் செய்வதன்றி வேறு வழியில்லை. ஆனால் தேவை வந்துற்றபோது மனிதன் பின்னே நிற்கப் பொருளே முன்னின்று ஆட்சிபுரிகின்றது என்னும் கருத்தை நினைவிற்கொண்டால், விதியேனும் மறவாது நிற்கும்.

இதுகாறும் கூறியவற்றால், தமிழ் மாணவற்கு இவ்வழி முழுதும் நேர்வழியே என்று எண்ணிவிடற்க. பொருளை வேண்டுங்கால் இரு மொழியும் ஒன்றி நடந்தன. செயலை வேண்டுங்கால் பிரிகின்றன. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்கிறோம். ஆனால் ‘நான் போக வேண்டும்’ என்கிறோம். பெயரோடு நிற்குங்கால் ‘எனக்கு’ என்றிருந்தது, வினையோடு சேர்ந்தவுடன் ‘நான்’ என எழுவாயாய் எழுந்துவிடுகின்றது. இந்தியில் அவ்வெழுச்சியில்லை. ஆண்டும் ‘முஜே’ என்றே தாழ்ந்து நிற்றல்வேண்டும். ‘முஜே ஜானா சாஹியே’ என்பதே மரபு. ‘மைன் ஜானா சாஹியே’ என்பது வழு. தமிழர் நாவில் இவ்வழு எளிதில் நுழைதற்குக் காரணம் நம் மொழியின் வழக்கே.

அன்றியும், ‘நான் போக வேண்டும்’ என்னும் தமிழ்த்தொடர் ஒன்றே பல பொருள்களைத் தன்னுள் அடக்கி நிற்பது. போக ஆசை என்பதும் அதன் பொருள். போதல் கடன் என்பதும் அதன் பொருள். போகாதிருக்க வழியில்லை என்பதும் அதன் பொருள். குரலும் இடமுமே இன்னது என உணர்த்தும். இந்தி இவற்றை நான்கு கூறாகப் பிரித்துத் தனித்தனி வடிவம் தந்துள்ளது. அவற்றை முறையே காண்க.

‘மைன் ஜானா சாஹ்தா ஹூன்’ என்பது விருப்பம். இதில் மட்டுமே பேசுவோன் ‘மைன்’ (நான்) என எழுவாயாய் நிற்கின்றான், விருப்பம் அவனுடையது.

‘முஜே ஜானா சாஹியே’ என்பது தகுதிபற்றிய கடமை. போதல் முறை, போதல் நன்று என்பது கருத்து. போவானோ போகானோ என்பது இதிற் பெறப்படாது. இதனை ‘எனக்குப் போக ஆசை’ எனக் கொள்ளுதல் பொருந்தாது.

‘முஜே ஜானா ஹை’ என்பது குறித்ததொரு வேலை. ‘எனக்குப் போதல் உளது’ என்பது சொற்பொருள். நாளை பிரயாணம், மாலையில் மருத்துவரைக் காண்டல் என்றாற்போல முன்னரே அமைந்தவற்றிற்கு இது வரும். சிலவிடத்து ஆசையும் இதனுள் மறைந்து நிற்கும்.

‘முஜே ஜானா படேகா’ என்பது கட்டாயம். ‘பட்னா’ என்றால் விழுதல், நேர்தல். போதல் என்னும் தொழில் என்மேல் வந்து விழும் என்பது கருத்து. ‘போக நேரும்’ என்னும் நம் வழக்கினை ஒத்தது. விரும்பினும் விரும்பாவிடினும் தப்பவியலாது.

இறந்த காலத்தில் இவற்றின் வேறுபாடு இன்னும் தெளிவுறும். ‘முஜே ஜானா படா’ என்றால், போக நேர்ந்தது, போயினேன் என்பது துணிபு. ‘முஜே ஜானா தா’ என்றால், போக வேண்டியிருந்தது. போனதும் போகாததும் ஐயம். ‘முஜே ஜானா சாஹியே தா’ என்றால், போயிருக்க வேண்டும், போகவில்லையே என்னும் இரக்கம். செயல் நிகழ்ந்ததா, இல்லையா, ஐயமா என்பதை இறுதிச் சொல்லொன்றே காட்டிவிடுகின்றது.

வேண்டுவதைக் கூறுவதில் இந்தி நுண்ணியதாயின், வேண்டாமை கூறுவதில் தமிழே நுண்ணியது. ‘நஹீன் சாஹியே’ என்னும் ஒரு தொடரே இந்தியில் ஈரிடத்திலும் வரும். பெயரோடு வருங்கால் ‘முஜே சாய் நஹீன் சாஹியே’ (எனக்குத் தேநீர் வேண்டாம்) என மறுப்பாம். வினையோடு வருங்கால் ‘வஹான் நஹீன் ஜானா சாஹியே’ (அங்குப் போகக் கூடாது) என விலக்காம். நாமோ ‘வேண்டாம்’ என்பது வேறு, ‘கூடாது’ என்பது வேறு, ‘வேண்டியதில்லை’ என்பது வேறு எனப் பிரித்து வழங்குகின்றோம். போகாதிருக்க விலக்கில்லை, ஆயின் போதலும் கட்டாயமன்று என்னும் பொருளில் வரும் நம் ‘வேண்டியதில்லை’யை இந்தியார் ‘ஜானே கீ ஜரூரத் நஹீன்’ எனத் தேவை என்னும் பெயர்ச்சொல்லைக் கொணர்ந்து உணர்த்துவர். ‘ஜரூரத்’ என்பது அரபியிற் பிறந்து பாரசீகத்தின் வழியே இந்தியிற் புகுந்த சொல். தேவை என்பது அதன் பொருள். ஏட்டு நடையில் இவ்விடத்து ‘ஆவச்யகதா’ என்னும் வடசொல்லும் வரும். மருத்துவசாலை வாயிலில் கேட்கப்படுவது பெரும்பாலும் ‘ஜரூரத்’தேயாம். ஒரு மொழி ஓரிடத்து விரித்ததைப் பிறிதொரு மொழி சுருக்கும். அது சுருக்கியதை இது விரிக்கும். எம்மொழியே நுண்ணியது என வாதிடுவார் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவாராயின், வாதம் தானே அடங்கும்.

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நில்லாது, வாழ்வில் எத்துணை ஆழ்ந்து புகுகின்றன என்பதைச் சென்ற கோடைவிடுமுறையிற் கண்டேன். ஜார்க்கண்டு மாநிலத்தினின்றும் மூதாட்டி ஒருவர், என் வயதினரான தம் பேரனுடன் எங்கள் மாடியறையில் வந்து தங்கினார். இடுப்பில் நோய். மருத்துவம் ஏறக்குறைய இரண்டு திங்கள் நடைபெற வேண்டுமெனத் தெரிந்தது. ஒரு திங்கள் கழிந்தபின், கொண்டுவந்த பணம் குறையத் தொடங்கிற்று. பேரன் மாடிப்படியில் நின்று ஊரிலுள்ளாரோடு தொலைபேசியில் பேசுங்கால், ‘ஹமேன் ஜானா படேகா’ என்று மீண்டும் மீண்டும் கூறியது என் செவியில் வீழ்ந்தது. மருத்துவர் கூறியதாக அவன் உரைத்தது, ‘ருக்னா சாஹியே’, அதாவது தங்குதலே தக்கது என்பது. பாட்டியார் கூறியதோ, ‘முஜே கர் ஜானா ஹை’ என்பது மட்டுமே.

என் அன்னையார் செய்தி யாதென வினவினர். ‘போக வேண்டியதாகும் என்கிறான் பேரன், தங்க வேண்டும் என்கிறார் மருத்துவர், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் பாட்டியார்’ என்று மொழிபெயர்த்தேன். தமிழிற் கூறியவுடன் எல்லாம் ‘வேண்டும்’ ஆயிற்று. ‘எல்லாரும் வேண்டும் வேண்டும் என்கிறார்கள். அந்த அம்மாளுக்குப் போக ஆசையா, இல்லை வேறு வழியில்லை என்று சொல்கிறாரா? அதைச் சொல்லு’ என்றனர் அன்னையார். யான் விடையிறுக்க இயலாது நின்றேன். ‘ஜானா ஹை’ என்பதில் இரண்டும் அடங்கும். அவற்றுள் எது என்பதை எவ்விலக்கண நூலும் கூறாது.

அன்னையார் மாடியேறிச் சென்று பாட்டியாரின் அருகமர்ந்தனர். கடைத்தெருவிற் கற்ற இந்தியில், ‘மாஜீ, ஆப் க்யா சாஹ்தீ ஹைன்?’ (நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?) என்று கேட்டனர். ‘முஜே குச் நஹீன் சாஹியே’ என்று விடைவந்தது. ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்பது பொருள். அன்னையார் என்னை நோக்கி, ‘இது நம் ஊர்க் கிழவிகள் பேச்சுத்தானே! ஒன்றும் வேண்டாம் என்றால், கேட்க மனமில்லை என்று அர்த்தம்’ என்று கூறி நகைத்தனர். இதனை உணர்தற்கு அவருக்கு இந்தி தேவைப்படவில்லை. அவர் எழுந்து வரவும் இல்லை. அம்மூதாட்டியின் கையைப் பற்றியவாறே சிறிது நேரம் வாளா இருந்தனர். பின்னர் அவ்வினாவையே மீண்டும் ஒருமுறை மெல்லக் கேட்டனர்.

பாட்டியார் தம் பேரனை ஒருமுறை நோக்கினார். பின்பு, ‘மைன் டீக் ஹோனா சாஹ்தீ ஹூன்’ என்றார். ‘நான் குணமடைய விரும்புகிறேன்’ என்பது பொருள். ஒரு திங்களாக அவர் வாயிற் கேட்டனவெல்லாம் ‘முஜே’ என்றே தொடங்கின. வெந்நீர்க்கும் அதுவே, மருந்துக்கும் அதுவே, ஊர்க்குப் போதற்கும் அதுவே. அன்றுதான் முதன்முதலாக ‘மைன்’ என்று எழுவாயாய் நின்று பேசக் கேட்டேன். பேரன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாட்டிக்கு ஊர் நினைவு மிகுந்துவிட்டது என அவன் எண்ணியிருந்தான்; பேரனுக்குப் பணமுடை மிகுந்துவிட்டது என அவர் அறிந்திருந்தார். ஒருவர் பொருட்டு ஒருவர் ‘போக வேண்டும்’ என்று கூறிவந்தனர். மாடியறை வாடகையைப் பின்னர்த் தரலாமென அன்னையார் கூறிவிட்டனர். ஊரிலிருந்து உறவினரும் சிறிது பணம் விடுத்தனர். மருத்துவம் முடியுமட்டும் தங்கி, கோலூன்றித் தாமே நடந்து படியிறங்கிச் சென்றார் அம்மூதாட்டியார். எஞ்சிய வாடகையும் இரண்டு திங்களில் வந்து சேர்ந்தது.

ஒன்றை ஒருவரிடம் கேட்டுப் பெறுமிடத்து நேரும் நாணத்தை நம் முன்னோரும் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியர் எச்சவியலில், இரத்தற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றனைக் காட்டி, கேட்போன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்றும், ஒத்தவனாயின் ‘தா’ என்றும், உயர்ந்தவனாயின் ‘கொடு’ என்றும் கூறுதல் மரபென வகுத்தார். இந்தியிலும் கொடுத்தலை ஏவுதற்கு மூன்று வடிவங்கள் உள. மிக நெருங்கியாரிடத்தும் இளையாரிடத்தும் ‘தே’, ஒத்தாரிடத்து ‘தோ’, மதிக்கத்தக்காரிடத்துத் ‘தீஜியே’. தமிழ்மரபு வெவ்வேறு வினைப்பகுதிகளால் உணர்த்தியதை இந்தி ஒரே வினையின் ஈறுகளை மாற்றி உணர்த்துகின்றது. அன்றியும், தமிழ்மரபு கேட்பவனது நிலையைத் தொடங்கிடமாகக் கொள்ள, இந்தி கேட்கப்படுவாரது நிலையைத் தொடங்கிடமாகக் கொள்கின்றது. மரியாதைச் சொல்லாகிய ‘தீஜியே’யும் தேவைச் சொல்லாகிய ‘சாஹியே’யும் ஒரே ஓசையில் முடிதலால், அவை நம் செவிக்கு உடன்பிறந்தாரெனத் தோன்றும். மாடிப்படியில் நின்று ‘பானீ தீஜியே’ என்பாரைவிட ‘பானீ சாஹியே’ என்பாரையே யான் மிகுதியும் கண்டிருக்கிறேன். முன்னையது ஒருவரை ஏவுவது. பின்னையது எவரையும் ஏவாது தேவையை எடுத்துவைத்து அமைவது. தருவதும் தாராததும் கேட்டார் உள்ளத்திற்கே விடப்படுகின்றன. நம் நாட்டார் தண்ணீர் கேட்கும் முறையும் இதுவன்றோ?

இனி, தமிழ் மாணவர் இந்தியிலக்கணத்தை ஆராய்தல் குறித்துச் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அவர்க்கும் இந்நான்கு வடிவங்களே விடைகூறும். 1918-இல் காந்தியடிகள் சென்னையில் இந்திப் பிரசாரசபை நிறுவியபோது, அதன்பாற் சென்று கற்றவர் தாமே விரும்பிச் சென்றவர். அவர் கூறியது ‘சீக்னா சாஹ்தா ஹூன்’ (கற்க விரும்புகிறேன்) என்பது. 1938-இல் சென்னை மாகாணத்துப் பள்ளிகள் பலவற்றில் இந்தி கட்டாயப் பாடமானபோது, அது ‘சீக்னா படேகா’ (கற்றே தீரவேண்டும்) என மாறிற்று. நாடு எதிர்த்தெழுந்தது, 1940-இல் அவ்வாணை நீக்கப்பட்டது. 1965-இலும் அக்கட்டாயத்தின் நிழல் வீழ்ந்தபோது மாணவரே முன்னின்று எதிர்த்தனர். 1968-இல் தமிழக அரசு இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது. தமிழர் மறுத்தது ‘படேகா’வையேயன்றி ‘சாஹ்தா ஹூன்’ என்பதனை அன்று என்பது என் துணிபு. விரும்பிக் கற்பான் எம்மொழியையும் தன் விருந்தாகக் கொள்வான். அவன் தாய்மொழிக்கு அதனால் ஒரு குறைவும் நேராது. என்னைப் பொறுத்தமட்டில், ‘வேண்டும்’ என்னுஞ் சொல்லினுள் இத்துணைப் பொருள்கள் ஒடுங்கிக் கிடப்பதை எனக்கு அறிவுறுத்தியது இந்தியேயாம். கண்ணாடியின்றித் தன்முகம் காண்டல் எவர்க்கும் அரிது; பிறமொழி தாய்மொழிக்குப் பிடித்த கண்ணாடி.

இன்று திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வடநாட்டுத் தொழிலாளர் பல்லாயிரவர் நம்மிடையே வாழ்கின்றனர். கட்டடங்களிலும் பின்னலாடைச் சாலைகளிலும் உணவுவிடுதிகளிலும் அவர்தம் உழைப்பினை நாம் நாள்தோறும் பெறுகின்றோம். அவர்களும் ‘வேணும்’, ‘வேணாம்’ என்னும் நம் சொற்களை முதலாவதாகக் கற்றுக்கொள்கின்றனர். அவர் தேவையை நாம் அறிதற்கும், நம் தேவையை அவர் அறிதற்கும் இரண்டு மூன்று சொற்களே போதும். ஆயின் அச்சொற்களுக்குப் பின்னால் நிற்பது ஆசையா, கடமையா, கட்டாயமா என்று பகுத்துணர்தற்குச் சற்று இலக்கணமும், மிகுந்த பொறுமையும் வேண்டும். மாணவ அன்பர்காள்! நம் சிறப்பு வகுப்பில் வேற்றுமையுருபுகளை மனப்பாடம் செய்யுங்கால் அவை உலர்ந்த எலும்புகள்போலத் தோன்றலாம். ‘எனக்கு’ என்று ஒருவர் நம்முன் வந்து நிற்கும்போது, அந்நான்காம் உருபு ஏற்கக் காத்திருக்கும் ஒரு கையென உணர்வோமாயின், இலக்கணம் கற்றதன் பயனை ஒருவாறு எய்தியவராவோம்.